சூரிய பம்பில் ஒரு கிராமத்துக்குத் தண்ணீர்: நிதி திரட்டப் புறப்படும் பொறியியல் மாணவர்களுக்கு

மூன்றாம் ஆண்டு படிக்கும்போது நாங்கள் ஐந்து பேர் முதன்முதலாக ஒரு நிறுவனத்தின் கதவைத் தட்டினோம். கையில் அழகான படங்கள், பம்பின் வரைபடம், கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொகை. எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மூன்றே மூன்று கேள்வி கேட்டார். கோடை முற்றும்போது அந்தக் கிணற்றில் தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் நிற்கும்? மோட்டார் எரிந்தால் மேலே தூக்கிக் கழற்றுவது யார்? புது மோட்டார் வாங்கப் பணம் எங்கிருந்து வரும்? ஒன்றுக்கும் எங்களிடம் பதில் இல்லை. "பதிலோடு வாருங்கள், காசோலை எழுதித் தருகிறேன்" என்றார். எட்டு மாதம் கழித்துப் பதிலோடு போனோம். சொன்னபடியே எழுதித் தந்தார்.

அன்றிலிருந்து யோசனை கேட்டு வரும் ஒவ்வொரு மாணவர் குழுவிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: பணம் கேட்கும் தாளில் நிற்கும் ஒவ்வோர் எண்ணும் கிணற்றடியில் பிறந்ததாக இருக்க வேண்டும். பல குழுக்கள் நிதி திரட்டுவதை ஒரு வேலையாகவும் பொறியியலை இன்னொரு வேலையாகவும் பிரித்து, நன்றாகப் பேசக்கூடிய இருவரிடம் முதலாவதை ஒப்படைத்துவிடுகின்றன. அந்த இருவரும் முதல் கேள்வியிலேயே தடுமாறி நிற்கிறார்கள். அளந்தவர்களே பணம் கேட்கவும் போகட்டும்.

கிராமம் கேட்கட்டும்

வரைபடத்தைப் பார்த்து ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற ஓர் அமைப்பு, உள்ளாட்சி நிர்வாகம், அந்த ஊரிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவர் என ஏதாவது ஒரு வழியாக, ஊரே உங்களைக் கூப்பிட வேண்டும். எல்லையற்ற பொறியாளர்கள் (Engineers Without Borders) அமைப்பின் அமெரிக்கக் கிளை பிறந்த கதையும் அப்படித்தான். கொலராடோ பல்கலைக்கழகத்தில் கட்டடப் பொறியியல் பேராசிரியராக இருந்த பெர்னார்ட் அமடெய் 2000-இல் பெலிஸ் நாட்டின் சான் பாப்லோ கிராமத்துக்கு அழைக்கப்பட்டார். அங்கே குழந்தைகள் நாள் முழுதும் தண்ணீர் சுமந்ததால் பள்ளிக்குப் போக முடியவில்லை. அடுத்த ஆண்டு மாணவர்களோடு திரும்பிச் சென்று, பக்கத்து அருவியின் விசையாலேயே இயங்கும் பம்ப் ஒன்றை அமைத்தார். 2002-இல் அமைப்பு உருவானது. சூரிய மின்சாரமே அங்கே தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஊருக்கும் மேட்டு ஊற்றிலிருந்து தானாக இறங்கும் குழாயே போதும் என்று தெரிந்தால், பேனல்களை மறந்துவிட்டு அதையே செய்யுங்கள்.

முதல் கூட்டத்திலேயே கேட்க வேண்டியவை சில உண்டு. கிணறு யாருடைய நிலத்தில் இருக்கிறது? தொட்டிக்கும் பேனலுக்கும் இடம் தருபவர் எழுத்தில் தருவாரா? ஊரின் எந்தப் பகுதிக்கு இதுவரை எந்தத் திட்டமும் எட்டவில்லை? பொதுக்கூட்டத்தில் ஆண்கள்தான் பேசுவார்கள். தண்ணீர் சுமப்பவர்களோடு தனியாக உட்கார்ந்து பேச ஒரு பொழுதை ஒதுக்குங்கள். தண்ணீர்க் குழு ஒன்று அமைந்து, அதில் சரிபாதிப் பெண்கள் இருந்து, அவர்களே ஒரு பக்கத்தில் "எங்களுக்கு இது வேண்டும், எங்கள் பங்கு இது" என்று எழுதிக் கையெழுத்திட்டால், அந்தத் தாள்தான் உங்கள் நிதி விண்ணப்பத்தின் முதல் பக்கம்.

கிணற்றடியில் மூன்று நாள்

இதற்கு ஒரு சிறிய தொகை வேண்டும்: போய்வரும் செலவு, நீர்ப் பரிசோதனை, பம்ப் வாடகை. இதை "ஆய்வு நிதி" என்று தனியாக, முதலிலேயே திரட்டுங்கள். "கிணறு தாங்குமா என்று பார்க்கப் போகிறோம். தாங்காவிட்டால் அதையும் உங்களிடம் வந்து சொல்வோம்" என்று சொல்லிக் கேளுங்கள். சிறு தொகை என்பதால் தயங்காமல் தருவார்கள். சொன்னபடி திரும்பிவந்து முடிவைச் சொன்னால், பெரிய தொகைக்கான கதவும் அங்கேயே திறந்துவிடும்.

விடியும் முன்பே நோட்டோடு கிணற்றடிக்குப் போய் உட்காருங்கள். எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை குடம், எத்தனை நடை என்று எழுதுங்கள். நான் முதல் நாள் ஒவ்வொரு குடத்துக்கும் 15 லிட்டர் என்று போட்டுக்கொண்டே வந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த பாட்டி ஒருவர் நோட்டை எட்டிப் பார்த்து, என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். "அந்தப் பெண்ணால் நிறை குடம் தூக்க முடியாது கண்ணு, கழுத்துக்குக் கீழேயே நிறுத்திவிடுவாள். மேட்டு வீட்டுக்காரிக்குப் பாதி வழியிலேயே தளும்பிவிடும்" என்றார். அளவுக் குவளையால் ஊற்றிப் பார்த்தோம். வீடு போய்ச் சேர்ந்தது சராசரியாக 11 லிட்டர். எங்கள் கணக்கில் கால் பங்குக்கு மேல் காற்றைத்தான் எழுதியிருந்தோம். அதே பாட்டிதான், வறண்ட மாதங்களில் பத்துக் குடம் எடுத்ததும் அரை மணி நேரம் காத்திருந்தால்தான் மறுபடி ஊறும் என்றும் சொன்னார். ஊற்றைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த முதல் தகவல் அதுதான்.

பிறகு கிணற்றின் தாங்குதிறனை முறைப்படி சோதிக்க வேண்டும். வாடகைப் பம்ப் ஒன்றை இறக்கி, ஒரே சீரான வேகத்தில் 24 மணி நேரம் இறைத்து, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்துகொண்டே வாருங்கள். தொடக்கத்தில் நிமிடக் கணக்கில், பிறகு மணிக் கணக்கில். நிறுத்திய பிறகு மட்டம் எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பதையும் விடாமல் எழுதுங்கள். இதை வறண்ட மாதத்தில் செய்யுங்கள். மழைக்காலத்தில் எடுத்த அளவை நம்பிப் பணம் திரட்டினால், கோடையில் பம்ப் காற்றை இழுக்கும்.

ஒரே தாளில் அடங்கும் கணக்கு

600 பேர் வாழும் ஊர் என்று வைத்துக்கொள்வோம். பேரிடர் முகாம்களுக்கான ஸ்பியர் நெறிமுறைகள் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டரைக் குறைந்தபட்சமாக வைத்திருக்கின்றன. அது இடர்க்காலத்தில் சமாளிக்கும் அளவு. நிரந்தரமாக வாழும் ஊருக்கு 40 லிட்டர் என்று எடுப்போம். 600 பெருக்கல் 40, நாளொன்றுக்கு 24,000 லிட்டர். கசிவு, பள்ளிக்கூடம், வரும் ஆண்டுகளில் கூடும் மக்கள் என்று கால் பங்கு சேர்த்தால் 30,000 லிட்டர், அதாவது 30 கன மீட்டர்.

அடுத்தது உயரம். இறைக்கும்போது நீர்மட்டம் தரைக்குக் கீழே 36 மீட்டர், தொட்டியின் வாய் தரைக்கு மேலே 10 மீட்டர், குழாய் உராய்வுக்கு 4 மீட்டர். மொத்தம் 50 மீட்டர். இறைக்காத நேரத்து மட்டத்தை இங்கே போட்டுவிடாதீர்கள். புதிய குழுக்கள் அதிகம் செய்யும் தவறு இது.

ஒரு கன மீட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் உயர்த்த 2.725 வாட்-மணி ஆற்றல் வேண்டும். 30, 50, 2.725 மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 4,090 வாட்-மணி. பம்ப், மோட்டார், பேனலின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கன்ட்ரோலர் எல்லாம் சேர்ந்து 45 சதவீதத் திறனில் ஓடும் என்றால் பேனல் தர வேண்டியது 9,090 வாட்-மணி. உங்கள் இடத்தில் வெயில் குறைந்த மாதத்தில் நாளுக்கு 4.5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கிறது என்றால், 2,020 வாட். தூசி, சூடு, கேபிள் இழப்பு ஆகியவற்றுக்குக் கால் பங்கு போகும் என்று 0.75-ஆல் வகுத்தால் 2,700 வாட் அளவில் வந்து நிற்கும். 450 வாட் பேனல் ஆறு. மாதவாரி வெயில் அளவை நாசாவின் பவர் தரவுத்தளமும் ஐரோப்பிய ஆணையத்தின் பி.வி.ஜி.ஐ.எஸ். கருவியும் இலவசமாகவே தருகின்றன. ஆண்டுச் சராசரியை எடுக்காதீர்கள். தேவையோடு ஒப்பிட்டால் வெயில் எந்த மாதத்தில் மிகக் குறைவோ அந்த மாதத்தை எடுங்கள்.

இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் இன்னோர் எண் உண்டு. 30 கன மீட்டரையும் 4.5 மணி நேர முழு வெயிலுக்குள் இறைக்க வேண்டுமானால், உச்சிப் பொழுதில் மணிக்கு ஏறத்தாழ 6,700 லிட்டர் ஓட வேண்டும். கிணறு மணிக்கு 4,000 லிட்டர்தான் தாங்கும் என்றால், எத்தனை பேனல் நிறுத்தினாலும் தொட்டி நிறையாது. அப்போது இரண்டாவது கிணறு, அல்லது சிறிய பம்பை அதிக நேரம் ஓட்ட வழி, அல்லது தேவையைக் குறைப்பது என்று ஊரோடு உட்கார்ந்து பேச வேண்டும். நன்கொடையாளர் வீட்டு வாசலுக்குப் போகும் முன்பே இது தெரிந்திருக்க வேண்டும்.

பேட்டரி வேண்டாம். சில ஆண்டுகளில் அது சாகும், மாற்ற யாரிடமும் பணம் இருக்காது. தொட்டிதான் உங்கள் பேட்டரி. மேகமூட்டத்தைத் தாங்க இரண்டு நாள் தேவையைச் சேமித்தால் 48,000 லிட்டர், அதாவது தண்ணீர் மட்டுமே 48 டன். அதைத் தூக்கி நிறுத்தும் தாங்கியின் வரைபடத்தில் உரிமம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் கையெழுத்து கட்டாயம் இருக்க வேண்டும். இயற்கையான மேடு இருந்தால் தொட்டியை அங்கேயே தரையில் வைத்துவிடுங்கள், பெரும் செலவு மிச்சம். குழாய் விட்டத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அதே அளவு தண்ணீரைப் பாதி விட்டக் குழாயில் அனுப்பினால் உராய்வு ஏறத்தாழ 32 மடங்காகும். குழாய் வலைப்பின்னலைச் சரிபார்க்க எப்பாநெட் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

குடிக்கத் தகுந்த தண்ணீர்தானா

பணம் திரட்டும் முன்பே ஆய்வகச் சான்று கையில் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகள்: ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், ஆர்சனிக் 0.01 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம். ஈ. கோலை கிருமி 100 மில்லி லிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கிருமியைக் குளோரின் கொல்லும். ஃபுளோரைடையும் ஆர்சனிக்கையும் குளோரினோ காய்ச்சுவதோ நீக்காது. அவை அதிகம் என்றால் கிணற்றையே மாற்ற வேண்டியிருக்கும், அல்லது வடிகட்டும் அமைப்பும் அதன் பராமரிப்பும் பட்ஜெட்டுக்குள் வர வேண்டும்.

பட்ஜெட்டில் விட்டுப்போகும் வரிகள்

பேனல், பம்ப், தொட்டி, குழாய் ஆகியவற்றை யாரும் மறப்பதில்லை. மறப்பவை இவை: குழி தோண்டும் கூலி, பம்பை இறக்கும் ஆட்களும் கருவியும், இடிதாங்கியும் தரைத்தொடர்பும், பேனலைச் சுற்றி வேலி, திருட்டைத் தடுக்கும் போல்ட், கிணறு வற்றினால் மோட்டாரை நிறுத்தும் உணரி, தொட்டி நிரம்பினால் நிறுத்தும் மிதவை, தண்ணீர் மீட்டர், உபரியாக ஒரு கன்ட்ரோலர், ஊர்க்காரர் இருவருக்குப் பயிற்சி, ஓராண்டுக்குப் பின் திரும்பிப் பார்க்கப் போகும் செலவு, வங்கியும் இணைய நிதி திரட்டும் தளமும் பிடித்துக்கொள்ளும் கட்டணம். இவை எல்லாவற்றுக்கும் மேல் எதிர்பாராச் செலவுக்கு 10 முதல் 15 சதவீதம். ஒவ்வொரு பெரிய பொருளுக்கும் மூன்று கொட்டேஷன் வாங்கித் தேதியோடு இணையுங்கள்.

மாணவர்களின் பயணச் செலவைத் தனித் தாளில் எழுதுங்கள். அதை நீங்களோ கல்லூரியோ ஏற்பது நல்லது. கிராமத்துத் தண்ணீருக்கென்று கொடுத்த பணத்தில் மாணவர்கள் பயணம் போனார்கள் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால், பிறகு எந்த விளக்கமும் எடுபடாது.

இனி, பெரியவரின் மூன்றாவது கேள்வி. பேனல் 25 ஆண்டு உழைக்கும். பம்பும் கன்ட்ரோலரும் அவ்வளவு நாள் தாங்காது. எட்டு ஆண்டில் மாற்ற வேண்டிவரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு ஆண்டு என்றால் 96 மாதம். ஊரில் 120 வீடு. 96-ஐயும் 120-ஐயும் பெருக்கினால் 11,520. பம்பும் கன்ட்ரோலரும் சேர்ந்த விலையை அந்த எண்ணால் வகுத்தால், ஒரு வீடு மாதாமாதம் சேமிக்க வேண்டிய பங்கு வரும். எல்லா வீடும் தவறாமல் கட்டும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 80 வீடுதான் கட்டும் என்று எடுத்து 7,680-ஆல் வகுங்கள். அதோடு இயக்குபவரின் ஊதியத்தையும் குளோரின் செலவையும் சேருங்கள். இந்தத் தொகையை ஊர்க் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதி, கட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் திட்டத்தைச் சிறிதாக்குங்கள். முடியும் என்றால் அன்றைக்கே ஊர் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கச் சொல்லுங்கள். இரண்டு மாத வசூல் ஏறிய அந்தக் கணக்குப் புத்தகத்தின் நகலைக் காட்டிப் பணம் கேட்பதுபோல வலுவான விண்ணப்பம் வேறில்லை என்பது என் அனுபவம்.

இது புதிய ஞானமும் அல்ல. ஆப்பிரிக்காவின் சஹேல் பகுதியை வாட்டிய வறட்சிக்குப் பிறகு மாலி நாட்டில் பாதிரியார் பெர்னார் வெர்ஸ்பியரனும் மாலி அக்குவா விவா திட்டத்தினரும் 1977-லேயே கிராமங்களில் சூரிய பம்பை நிறுவத் தொடங்கிவிட்டார்கள். பேனல் மிக விலை உயர்ந்திருந்த காலம் அது. பராமரிப்பையும் திட்டத்தின் பகுதியாகவே வைத்துத்தான் அவர்கள் வேலை செய்தார்கள்.

யாரிடம், எந்த வரிசையில்

பொதுமக்களிடம் இணையத்தில் கேட்பதைக் கடைசிக்கு வையுங்கள். வெறும் பாத்திரத்தில் முதல் காசு போட யாருக்கும் மனம் வராது. முதலில் உங்கள் குழுவினர், குடும்பத்தார். தொகை எவ்வளவு சிறிதாக இருந்தாலும் ஒருவர் விடாமல் போடுங்கள். அடுத்து துறைப் பேராசிரியர்கள். அதன்பின் முன்னாள் மாணவர்கள். உங்கள் துறையில் படித்து இன்று பம்ப், மின்சாரம், கட்டுமானம் ஆகிய துறைகளில் வேலை செய்பவர்களின் பட்டியலைத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். அவர்களிடம் பணம் கேட்கும் முன் "எங்கள் கணக்கைச் சரிபாருங்கள்" என்று கேளுங்கள். உள்ளம் ஒன்றிப் பார்ப்பார்கள், பிழை காட்டுவார்கள், பெரும்பாலும் பணமும் தருவார்கள். பணம் வராவிட்டாலும் வடிவமைப்பு திருந்தியிருக்கும்.

பிறகு அமைப்புகள். ரோட்டரி சங்கங்கள் தண்ணீரையும் துப்புரவையும் தங்கள் முதன்மைப் பணிகளில் ஒன்றாக வைத்திருக்கின்றன. மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பான ஐ.இ.இ.இ.-யின் எபிக்ஸ் திட்டம் மாணவர்கள் மக்களுக்காகச் செய்யும் பொறியியல் பணிகளுக்கு நிதி உதவி தருகிறது. இப்படிப்பட்ட இடங்களில் விண்ணப்பக் காலக்கெடுவும் பரிசீலனையும் மாதக் கணக்கில் போகும். ஆகவே தேர்வுக் கால அட்டவணையையும் அவர்கள் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நிறுவனங்களைப் பார்க்கப் போகும்போது நிதியாண்டு முடிவதற்குச் சில மாதம் முன்பே போங்கள். ஒதுக்கீடு தீர்ந்த பிறகு போய்ப் பயனில்லை.

இவர்களில் யாராவது ஒருவரிடம் இணைத் தொகையாகத் தர முடியுமா என்று கேளுங்கள். அதாவது மற்றவர்கள் போடும் அளவுக்குத் தானும் போடுவது. இலக்கில் பாதி சேர்ந்த பிறகு பொதுத் திரட்டலைத் தொடங்கினால், முதல் நாளே பாதி நிரம்பிய பாத்திரத்தை மக்கள் பார்ப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. "ஒரு பேனலுக்கு உங்கள் பெயர்" என்று கூறு போட்டு விற்கத் தோன்றும். எல்லோரும் பேனலுக்குத்தான் கொடுப்பார்கள், குழி தோண்டும் கூலிக்கு ஒருவரும் கொடுக்க மாட்டார்கள். பேனலுக்கென்று வாங்கிய பணத்தைக் குழிக்குச் செலவிடவும் முடியாது. அதற்குப் பதில் மொத்தச் செலவை 120 வீட்டால் வகுத்து, "ஒரு வீட்டுக்குத் தண்ணீர்" என்று கேளுங்கள். பேனலும் குழியும் குளோரினும் அதற்குள் அடக்கம்.

கேட்கும் கடிதம்

ஒரு பக்கம் போதும். ஊரின் நிலை, நீங்கள் அளந்தது, செய்யப்போவது, ஊர் தரும் பங்கு, தேவைப்படும் தொகை, பழுதானால் யார் பொறுப்பு. கணக்கும் சான்றுகளும் பின்னிணைப்பில் இருக்கட்டும். படம் எடுக்கும்போது அனுமதி கேளுங்கள். எடுத்த படத்தை அவர்களிடம் காட்டுங்கள், எங்கே போடப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். வாடிய முகங்களைத் தேடிப் பிடிக்காதீர்கள். எங்கள் கடிதத்தில் இருந்தது, தண்ணீர்க் குழுத் தலைவி நீர்மட்டம் அளக்கும் நாடாவைக் கிணற்றுக்குள் இறக்கிக் குனிந்து பார்க்கும் படம். பார்த்தவர்கள் எல்லோரும் அதைப் பற்றித்தான் கேட்டார்கள்.

கவர்ச்சியான கதை கணக்கை முந்திவிடக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் உருவான ப்ளேபம்ப் எல்லோருக்கும் பிடித்த யோசனையாக இருந்தது: குழந்தைகள் ராட்டினம் சுற்றி விளையாட, அந்த விசையில் தண்ணீர் மேலேறும். 2006-இல் பெரும் அறிவிப்போடு நிதி குவிந்தது, 2010-க்குள் 4,000 பம்ப் என்று இலக்கு வைத்தார்கள். 2009-இல் கார்டியன் நாளிதழ் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, ஒரு பம்ப் 2,500 பேருக்கு ஆளுக்கு 15 லிட்டர் தர வேண்டுமானால் குழந்தைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டியிருந்தது. ஒரு தாளில் முடிந்திருக்க வேண்டிய பெருக்கல் அது.

பணம் வந்த பிறகு

தனி ஒருவரின் கணக்கில் ஒரு நாள்கூடப் பணம் தங்கக் கூடாது. கல்லூரியின் கணக்கு, அல்லது பதிவு பெற்ற அமைப்பின் கணக்கு. எடுக்க இரண்டு கையெழுத்து, அவற்றில் ஒன்று அந்த ஆண்டு படிப்பை முடித்துப் போகாதவருடையது. வாரம் ஒருமுறை வரவு செலவைக் கொடுத்தவர்கள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். ரசீதை வாங்கிய அன்றே படம் எடுத்து ஏற்றுங்கள். இலக்கு எட்டாவிட்டால் பணம் என்னவாகும் என்பதைத் திரட்டத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். வரிவிலக்கு ரசீது தர உங்கள் அமைப்புக்கு உரிமை இல்லையென்றால் அதைப் பற்றி வாயே திறக்காதீர்கள். எல்லை கடந்து நன்கொடை பெறுவதற்குச் சில நாடுகளில் அரசு அனுமதி வேண்டும். கணக்கரிடம் கேட்காமல் வெளிநாட்டுப் பணத்தைத் தொடாதீர்கள்.

பணத்துக்குப் பதிலாகப் பொருளாகத் தருகிறோம் என்று சிலர் வருவார்கள். ஒரு நிறுவனம் எங்களுக்கு எட்டுப் பேனல் தந்தது. மகிழ்ந்து போய் வாங்கிக்கொண்டோம். பிரித்துப் பார்த்தால் மூன்று வெவ்வேறு மாடல். தொடராக இணைக்கும்போது, மிகக் குறைந்த மின்னோட்டம் தரும் பேனல் மற்ற எல்லாவற்றையும் தன் மட்டத்துக்கு இழுத்துவிடும். இரண்டு வாரம் மாற்றி மாற்றி இணைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரே மாடலாகப் பணம் கொடுத்து வாங்கினோம். பொருளைப் பெறும் முன் பின்பக்கச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பம்புக்கு ஏற்ற கன்ட்ரோலர், கன்ட்ரோலருக்கு ஏற்ற மின்னழுத்தம். குளிரில் பேனலின் மின்னழுத்தம் கூடும் என்பதால், விடியற்காலைக் குளிருக்கும் கணக்குப் பாருங்கள். பொருந்தாத அன்பளிப்பை நன்றியோடு மறுப்பது தவறில்லை.

ஒப்படைப்பு

நீங்கள் பட்டம் வாங்கிப் போய்விடுவீர்கள், ஊர் அங்கேயே இருக்கும். ஆகவே குழுவில் இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருவரையாவது தொடக்கத்திலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கணக்கும் ஒருவரின் மடிக்கணினியில் மட்டும் இருக்கக் கூடாது. பயிற்சி பெறும் ஊர்க்காரர்களே பம்பை இறக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். கழற்றி, மறுபடி மாட்டி, ஒருமுறை அவர்களாகவே செய்து பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுக்க வேண்டும்.

கொடுத்தவர்களுக்கு ஒரு மாதம், ஆறு மாதம், ஓராண்டு என்று மூன்று முறை எழுதுங்கள். மீட்டர் காட்டிய அளவு, நின்றுபோன நாட்கள், வசூலான பங்கு, கெட்டுப்போனது என்ன, எல்லாமே அதில் வர வேண்டும். பழுதை மறைத்து எழுதிய அறிக்கை அடுத்த குழுவின் வாசலையும் அடைத்துவிடும்.

எங்கள் பதிவேடு மிக எளிது. ஒரு நீள நோட்டு, ஐந்து பத்தி: தேதி, மீட்டர் அளவு, ஓடிய மணி, குழாயடியில் மீந்திருக்கும் குளோரின், குறிப்பு. குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் சிவப்பு மையில் எழுத வேண்டும். இயக்குபவர் மாதத்தின் முதல் தேதி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறார். அந்தப் பெரியவருக்கும் ஒரு பிரதி போகிறது. ஆறாம் ஆண்டில் ஒரு மாதம் வந்த படத்தில், நான்கு நாளுக்கு மீட்டர் அசையவில்லை. குறிப்புப் பத்தியில் இப்படி எழுதியிருந்தது: "கன்ட்ரோலர் எரிந்தது. உபரியும் வேலை செய்யவில்லை. ஊர்ச் சேமிப்பிலிருந்து புதிது வாங்கி மாட்டிவிட்டோம். தண்ணீர் வருகிறது."

எங்களுக்கு அந்தச் செய்தி தெரியவந்ததே அந்தப் படத்தின் வழியாகத்தான்.